ஆறரைக் கட்டை

நவமணி துப்பறிவாள். நான் கார் ஓட்டுவேன், பயப்படுவேன். எங்கள் தொழிலில் இரண்டுமே தேவைப்பட்டன.

ஈப்போவில் ஒரு கோப்பிக் கடையின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்க் காயங்களையும் தானாகத் தீப்பற்றிக்கொண்ட கடைகளையும் விசாரிப்பது அவள் வழக்கமான வேலை. நான் அவளுக்குப் புருஷன், டிரைவர், உதவியாள். வெளியாட்கள் முன்னால் அவளை வேண்டுமென்றே ‘தவுக்கே’, அதாவது முதலாளி, என்று கூப்பிடுவேன். முதலாளியம்மா பல்லைக் கடிப்பாள். அவள் இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையில் என் பேச்சில் பாதியைக் கோடு போட்டு அடித்திருப்பாள்.

1988. காப்பிரைட் புதுச் சட்டம் வந்த புதிது. கையில் பைலோடு யார் நடந்தாலும் கேசட் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த காலம்.

அன்று காலை படியேறி வந்த பெண் ஒரு தெர்மோஸ் பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை. தோளில் ஒரு நீளப் பை.

“கீழேயே நல்ல கோப்பி கிடைக்கும்க்கா. வீட்டிலேருந்தா தூக்கிட்டு வரணும்?” என்றேன்.

“இன்சுலின்,” என்றாள். “ஐஸ் போட்டு வச்சிருக்கேன். என் வீட்டுக்காரருக்கு.”

நான் எழுந்து அவளுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

அவள் பெயர் ஹில்டா. கணவர் பெர்னார்ட் பள்ளிக்கூடத்தில் இசை மாஸ்டர், டவுன் ஆர்க்கெஸ்ட்ராவில் கிளாரினெட் வாசிப்பவர். முந்தாநாள் சாயங்காலம் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் திரும்பவில்லை. காலையும் மாலையும் அவருக்கு ஊசி போடுவது அவள்தான். மருந்து பிரிட்ஜிலேயே தங்கிவிட்டது.

“ஊசி இல்லாம தாங்குமா?” என்று கேட்டாள் நவமணி.

“ஒரு நாளே விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“போலீசுக்குப் போனீங்களா?”

“ஜெயபாலன் சார் வேண்டாம்னுட்டாரு. அவர்தான் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துறவரு. போலீசுக்குப் போனா நாமளே மாஸ்டரைப் பிடிச்சுக் கொடுத்த மாதிரி ஆயிடும்னு சொன்னாரு.”

“எதுக்குப் பிடிக்கணும்?”

ஹில்டா பையிலிருந்து அச்சடித்த இசைத்தாள் கட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். சனிக்கிழமை கச்சேரி. வாசிக்கப்போவது லண்டனில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒருவர் எழுதியது. அதனால் இந்தத் தாளை யாருக்கும் விற்க மாட்டார்கள். சிங்கப்பூர் ஏஜெண்ட் மூலமாக ஒரு பெட்டியில் வாடகைக்கு வரும். வாசித்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம்கூடக் காப்பி எடுக்கக் கூடாது. இந்தத் தடவை கச்சேரி முடிந்ததும் ஏஜெண்டே நேரில் வந்து பெட்டியை வாங்கிப்போவதாகச் சொல்லியிருந்தாராம்.

“வாடகைக் கார் மாதிரி,” என்றேன். “ஓட்டலாம். பார்த்துப் பார்த்து இன்னொரு கார் செய்யக் கூடாது.”

“இவரு செஞ்சிட்டாருங்க,” என்றாள் ஹில்டா.

கிளாரினெட்டில் இரண்டு வகை இருக்கிறதாம். ஏ ஒன்று, பி-பிளாட் ஒன்று. பெட்டியில் வந்த தாள் ஏ கிளாரினெட்டுக்கு எழுதியது. பெர்னார்டிடம் இருந்ததோ பி-பிளாட். தாளில் உள்ளதை அப்படியே வாசித்தால் மற்ற வாத்தியங்களோடு சேராது. ஆகவே அவர் ராப்பகலாக உட்கார்ந்து, முழுவதையும் தன் வாத்தியத்துக்குத் தகுந்தபடி மாற்றிக் கையால் எழுதினார்.

“முந்தாநாள் சாயங்காலம் கோலாலம்பூர்லேருந்து போன். காப்பிரைட் ஆபீசராம். இவரு பேசினது மட்டும்தான் எனக்குக் கேட்டுச்சு. ‘யெஸ் சார், கையாலதான் சார், நானேதான் எழுதினேன் சார்.’ போனை வச்சவரு சட்டையை மாட்டிட்டு, எழுதின தாளை மட்டும் எடுத்துக்கிட்டு போயிட்டாரு. கிளாரினெட்டைக்கூட எடுக்கல.” அந்த நீளப் பையைத் தடவினாள். “ஆனா எனக்குப் பயம் அது இல்லங்க. அன்னைக்கு மத்தியானம் இன்னொரு போன் வந்துச்சு.”

“அதே ஆபீசரா?”

“இல்ல. தமிழ் ஆளு. ஹலோன்னு சொல்றதுக்குள்ள பேச ஆரம்பிச்சிட்டான். ‘ஆறு கட்டையில கிடக்கிறதை ஆறரைக் கட்டையில வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அரைக் கட்டை இறக்கியே ஆகணும். சனிக்கிழமைக்குள்ள இறக்கலேன்னா எல்லார் முன்னாடியும் மாட்டிக்குவோம்.’ யாருன்னு கேட்டேன். வச்சிட்டான்.”

கட்டை. எனக்கு முதுகில் வேர்த்தது. பிணத்துக்கும் எங்கள் பேச்சில் கட்டை என்றுதான் பெயர். ரோட்டு மைல்கல்லுக்கும் அதுதான். கல்லெல்லாம் கிலோமீட்டருக்கு மாறிய பிறகும் நாங்கள் அஞ்சாங்கட்டை, பத்தாங்கட்டை என்றுதான் இடம் சொல்வோம். ஆறாங்கட்டையில் என்ன கிடந்தது? அதை யார் ஆறரைக் கட்டைக்குக் கொண்டுபோனார்கள்?

“கோப்பெங் ரோட்டுல ஆறரைக் கட்டைன்னா அந்தப் பழைய ரப்பர் தோட்டம்,” என்றேன். “ஆளே இல்லாத இடம், தவுக்கே. பட்டப்பகல்ல நாய்கூடப் போகாது.”

நவமணி இசைத்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நடுமடிப்பில் விரலை வைத்தாள். காகிதத்தில் பழைய துரு, தேயிலைக் கறை மாதிரி படிந்திருந்தது. அதன் மேல் இருந்த ஸ்டேப்ளர் கம்பியோ பளபளவென்றிருந்தது.

“இதை உங்க வீட்டுக்காரர் பிரிச்சாரா?”

“பிரிக்கலையே. அப்படியே ஸ்டாண்டுல வச்சுப் பார்த்துத்தான் எழுதினாரு.”

“சரி. கிளம்புங்க.”

*

அந்தத் தோட்டத்தை யாரோ வாங்கி வீடு கட்டப் போவதாகப் பலகை நட்டு, பலகையும் சாய்ந்துவிட்டிருந்தது. பாதி மரங்கள் வெட்டுப்பட்டுக் கிடந்தன. மற்றவற்றில் பால்கோப்பைகள் கம்பியோடு தொங்கின, உள்ளே மழைத்தண்ணீர். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் பழைய கட்டடம் மட்டும் கறுத்து நின்றது. ஹில்டா காரிலேயே உட்கார்ந்து பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினாள்.

“நீங்க முன்னால போங்க,” என்றாள் நவமணி.

“நான் உதவியாளுதானே. பின்னால வாரேன்லா.”

“உங்களுக்குப் போய் உடையப்பன்னு பேரு வச்சிருக்காங்க பாருங்க. உடைஞ்சப்பன்னு வச்சிருக்கணும்.”

உள்ளே இருட்டு. நாற்றம் ஆளைத் தள்ளியது. மூலையில் ஒரு கோணிமூட்டை, ஆள் குந்தியிருக்கும் உயரத்தில். அடியிலிருந்து கறுப்பாக ஏதோ ஒழுகி உறைந்திருந்தது. காலால் தொட்டேன். மூட்டை மெதுவாக என் பக்கம் சாய்ந்தது.

நான் கத்தினேன்.

நவமணி கோணியைக் கிழித்தாள். ஒட்டுப்பால். மரத்திலும் கோப்பையிலும் உறைந்துபோன ரப்பர் கழிவு. யாரோ எப்போதோ திருடி வைத்து மறந்தது.

“ஒட்டுப்பாலுக்கு எதுக்கு ஆறரைக் கட்டையில கத்துறீங்க?” என்று சீறினாள்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். நாற்றத்தைக்கூட மறந்துபோனவளாக என்னையே பார்த்தாள்.

“என்ன?”

“நான் கல்யாணத்துக்கு முன்ன மேடையில பாடும்போது பேண்டுக்காரங்க முதல்ல என்ன கேப்பாங்க?”

“‘எத்தனை கட்டைக்கா?’ம்பாங்க. நீ அஞ்சரைம்பே. நான் முன்வரிசையில உக்காந்து—”

“சுருதி,” என்றாள். “கட்டைன்னா சுருதிங்க! ஏ சுருதிக்கு நம்ம கணக்குல ஆறு கட்டை. பி-பிளாட்டுக்கு ஆறரை. ஆறு கட்டை கிளாரினெட்டுக்கு எழுதினதை ஆறரைக் கட்டை கிளாரினெட்டுல அப்படியே வாசிக்க முடியாது. எழுத்தை அரைக் கட்டை இறக்கணும். அந்த ஆளு மிரட்டல. பாட்டைப் பத்திக் கேட்டிருக்கான்.”

காரில் அதைச் சொன்னபோது ஹில்டா அழுதாள், சிரித்தாள், பிளாஸ்க்கைத் திறந்து ஐஸ் இருக்கிறதா என்று பார்த்தாள். பாதி தண்ணீராகியிருந்தது.

“அப்ப அவன் யாரு?” என்றேன்.

“இங்கிலீஷ் இசை படிச்சவங்க யாரும் கட்டைன்னு சொல்ல மாட்டாங்க. கிளாரினெட் வாசிக்கிறவன், ஆனா நம்ம பாட்டு வாசிக்கிறவன். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போற பேண்டு செட்டு. பெட்டியில ரெண்டாவது கிளாரினெட்டுக்கும் ஒரு தாள் வந்திருக்குமே, அது எங்க ஹில்டா?”

“அதை வாசிக்க இவரு ஒரு ஆளைக் கூட்டிட்டு வாரேன்னாரு. யாருன்னு என்கிட்ட சொல்லல.”

பேண்டு செட்டுக்காரர்களை எல்லாம் தெரிந்தவர்கள் மாலை கட்டுகிறவர்கள்தான். கல்யாண வீடு, சாவு வீடு இரண்டுக்கும் முதலில் போவது மாலை. கோப்பெங்கில் ஒரு கடையில் நிறுத்தி, ஈப்போவில் மாலைக்கடை வைத்திருக்கும் பாப்பாவுக்கு நவமணி போன் போட்டாள். பாப்பா யோசிக்கவே இல்லை.

“கிளாரினெட்டா? ஐயாவு செட்டுதான். தாப்பாவுக்கு முன்ன, ஈயக்குட்டைக்குப் பக்கத்துல ஒரு பழைய தோட்டம். அங்க லயத்து வீட்டுல கடைசியா இருக்கிறது அவருதான். என்ன, யாரும் போயிட்டாங்களா?”

“இன்னும் இல்ல,” என்றாள் நவமணி.

*

காம்பாரைத் தாண்டும்போது வானம் கறுத்தது. ஹில்டா பின்சீட்டிலிருந்து, “வேகமா போங்கண்ணே,” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். என் டத்சனுக்கு அதைவிட வேகம் தெரியாது. நான் ஜோக் சொல்வதை நிறுத்தியிருந்தேன். நவமணி அதைக் கவனித்து என் முழங்கையைத் தொட்டாள்.

ஐயாவு, தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் வாசலில் உட்கார்ந்து கிளாரினெட்டின் சீவாளியை நக்கி நனைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, பேண்டு செட்டு உடையின் வெள்ளைக் கால்சட்டை, மேலே பனியன்.

“நான் கட்டையை இறக்கச் சொன்னேன்மா, ஆளை இல்ல,” என்றார், விஷயத்தைக் கேட்டதும். “என் பார்ட்டுல கடைசி ரெண்டு பக்கம் அவரு இன்னும் இறக்கித் தரல, அதைத்தான் கேட்டேன். பொம்பளைக் குரல் கேட்டுச்சு, வச்சிட்டேன். மாஸ்டர் வீட்டம்மாவுக்குச் சாவு வீட்டு பேண்டுக்காரன் ஆகாதுன்னு கேள்வி.”

ஹில்டா தலையைக் குனிந்தாள். “அவரு எங்கண்ணே?”

“இங்கதான் இருந்தாரு. இந்தத் தோட்டத்துல பொறந்த பிள்ளை, அவங்கப்பா இங்க கிராணி, ஆபீஸ்ல கணக்கு எழுதுறவரு. முந்தாநாள் கடைசி பஸ்ல வந்தாரு. கை கால் உதறுது. ரெண்டு பார்ட்டும் எழுதின தாளை என் கையில குடுத்து எரிச்சிடு, யாருக்கும் சொல்லாதே, ஜெயில்ல போட்ருவாங்கன்னாரு. சத்தியம் வேற வாங்கிட்டாரு. நான் எரிக்கல. முத்து முத்தா எழுதினதை எரிக்க மனசு வருமா?”

“சாப்பிட்டாரா?”

“சோறு இறங்கல. தண்ணிதான். குடம் குடமா தண்ணி. ராத்திரி பூரா ஒண்ணுக்குப் போயிட்டு வந்தாரு.”

ஹில்டாவின் முகம் வெளுத்தது. “இப்ப எங்க?”

“காலையில லைட் மீட்டர் பாக்குறவன் வந்தான், கையில பைலோட. ஆபீசருன்னு நினைச்சுப் பின்பக்கமா ஓடிட்டாரு. ஈயக்குட்டை பக்கம். கூப்பிட்டுப் பார்த்தேன், காணும். ஓட்டமே சரியில்லம்மா. குடிச்சவன் மாதிரி.”

பால் வெட்டாத ரப்பர்க் காட்டுக்குள் நாங்கள் நால்வரும் இறங்கினோம். லாலான் புல் இடுப்பளவு நின்றது. அதற்கப்பால் ஈயம் தோண்டிய குட்டை. கரை எங்கே முடிந்து தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று புல் காட்டிக்கொடுக்கவில்லை. பச்சைத் தண்ணீர், ஆழம் யாருக்கும் தெரியாது. கால் வைத்த இடமெல்லாம் மணல் சரிந்தது. என் கைக்குள் ஒரு கை நுழைந்தது. நவமணியின் கை. சில்லிட்டிருந்தது. அவளும் பயப்படுவாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எதையோ சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். முடியாமல், அந்தக் கையைப் பிடித்தபடி முன்னால் நடந்தேன்.

“என்னங்க! நான்தாங்க! மருந்து கொண்டாந்திருக்கேன்!”

ஹில்டாவின் குரல் தண்ணீர்மேல் போய்த் திரும்பி வந்தது. வேறு சத்தமில்லை.

“பயந்துபோய்க் கிடக்கிறாரு. நாம கூப்பிடக் கூப்பிட இன்னும் ஒளிவாரு,” என்றாள் நவமணி. பிறகு ஐயாவுவிடம் திரும்பினாள். “அண்ணே, அவரு இறக்கி எழுதின பார்ட்டுல எத்தனை ஷார்ப்? அரைக் கட்டை ஏத்தி வாசிக்கிற ஸ்வரம்?”

“அஞ்சு. அதுல ஏ ஷார்ப்னு ஒண்ணு இருக்கு பாருங்க, உயிரை வாங்கிடும். எப்பவும் விட்டுடுவேன். மாஸ்டர் குச்சியால விரல்லயே போடுவாரு.”

“வாசிங்க. அதை விட்டுட்டு வாசிங்க.”

“அது எனக்குத் தானா வரும்மா.”

லயத்துக்கு ஓடிப்போய்க் கிளாரினெட்டோடு வந்தார். தூறல் ஆரம்பித்திருந்தது. குட்டைக் கரையில் நின்று வாசித்தார். பாட்டு மேலே ஏறி, ஏறி, முடியவேண்டிய இடத்துக்கு ஒரு படி முன்னால் சறுக்கியது. சங்கீதம் தெரியாத எனக்கே பல் கூசியது. மறுபடி வாசித்தார். மறுபடி அதே இடத்தில் சறுக்கல். நான் அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்தேன். அந்தத் தண்ணீருக்கடியில் இருப்பவருக்கு எந்தச் சுருதியும் கேட்காது.

மூன்றாம் தடவை சறுக்கியபோது, எங்களுக்கு இடது பக்கம் புல்லுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

“ஏ... ஷார்ப்யா... ஷார்ப்பு... எத்தனை தடவை...”

கரை விளிம்பில், சரிந்த மணலில், ஒரு கால் தண்ணீருக்குள் கிடக்க அவர் படுத்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கியது. பழுத்து அழுகிய பழத்தின் வாசம் அவர் வாயிலிருந்து வந்தது. நானும் ஐயாவுவும் அக்குளில் கை கொடுத்து இழுத்தோம். ஹில்டா மண்ணிலேயே மண்டியிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து ஊசியில் மருந்தை ஏற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

*

தாப்பா ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். எவ்வளவு நேரம் கழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் கேட்கவில்லை. சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் பெர்னார்ட் கண் திறந்தார். முதலில் மனைவியைப் பார்த்தார். அடுத்துக் கதவைப் பார்த்தார்.

“யாரும் வரல மாஸ்டர்,” என்றாள் நவமணி. “அந்த ஆபீசர் போன்ல என்ன சொன்னாரு? ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க.”

“இங்கிலீஷ்லதான் பேசினாரு. லைன் ஒரே இரைச்சல், குரல்கூடச் சரியா பிடிபடல. ‘உன் காப்பி எங்களுக்குத் தெரியும். அஞ்சு ஷார்ப் போட்டு எழுதிட்டா திருட்டு மறைஞ்சிடுமா’ன்னு கேட்டாரு. சனிக்கிழமை கைதுன்னாரு.”

“அஞ்சு ஷார்ப்னா சொன்னாரு?”

“ஆமா.”

“கோலாலம்பூர்ல உக்காந்திருக்கிற ஆபீசருக்கு உங்க தாள்ல எத்தனை ஷார்ப்னு எப்படித் தெரியும்?”

பெர்னார்ட் வெறித்துப் பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை. பயந்தவனுக்கு ஆபீசர் என்றால் எல்லாம் தெரிந்தவர்.

“அந்தத் தாளை யாரு யாரு பார்த்தாங்க?”

“நான். ஐயாவு. ஒத்திகையில ஜெயபாலன் சார் எடுத்துப் பார்த்தாரு. நல்லா எழுதியிருக்கேன்னு பாராட்டினாரு.”

நவமணி மெதுவாகச் சொன்னாள். “வாடகைத் தாள்ல கம்பி புதுசு மாஸ்டர். துரு பழசு. பக்கத்தைப் பரப்பி போட்டோஸ்டாட் எடுக்கணும்னா கம்பியைப் பிரிக்கணும். கையால எழுதுறவருக்குப் பிரிக்க வேண்டிய வேலையே இல்ல. இனிமே வாடகை கட்டாம வாசிக்கலாம்னு யாரோ முழு செட்டையும் காப்பி எடுத்து வச்சிருக்காங்க. ஏஜெண்ட் வந்து பெட்டியைத் திறந்தா அது தெரியும். அதுக்குள்ள ஒரு கள்ளன் வேணும். தானா ஓடிப்போற கள்ளனா இருந்தா இன்னும் நல்லது.”

ஹில்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னக்கா?” என்றேன்.

“வந்த உடனே ஜெயபாலன் சாருக்குத்தான் போன் பண்ணினேன். மாஸ்டர் கிடைச்சிட்டாருன்னு. உடனே வாரேன்னாரு.”

நான் எழுந்து கதவுப் பக்கம் போனேன். போலீசைக் கூப்பிடுவதா, கட்டிலையே தள்ளிக்கொண்டு ஓடுவதா என்று புத்தி போன போக்கில் யோசித்தேன். அதற்குள் நடையில் பளபளப்பான ஷூவின் சத்தம் கேட்டது. ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு உயரமான ஒரு மனிதர் உள்ளே வந்தார். எனக்குத் தலையசைத்தார். நேராகப் போய்க் கட்டில் விளிம்பில், பெர்னார்டின் காலை ஒட்டி உட்கார்ந்தார்.

“பெர்னார்ட், பெர்னார்ட். மருந்தை விட்டுட்டு இப்படியா ஓடுறது?” என்றார். குரல் தேன். “நீ பேசாம ஓய்வெடு. ஏஜெண்டை நான் சமாளிக்கிறேன். நீதான் எழுதினேன்னு ஒத்துக்கிட்டு ஒரு வரி கையெழுத்துப் போட்டா போதும்.”

டிரிப் குழாய் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் தொங்கியது. நான் அந்தக் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பாவம் சார், மாஸ்டர்,” என்றாள் நவமணி, அரைகுறையாய்ப் புரிந்துகொண்ட நர்ஸ் மாதிரி. “அந்த ஆபீசர் போன்ல ரொம்ப மிரட்டிட்டாராம். நாலு ஷார்ப் போட்டு எழுதிட்டா மறைஞ்சிடுமான்னு கேட்டாராம்.”

“நாலா? அஞ்சுன்னுதானே சொன்—”

சொல்லி முடிக்கவில்லை. ஆரஞ்சுப் பை மடியிலிருந்து நழுவி, பழங்கள் கட்டிலுக்கடியில் உருண்டன. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

ஐயாவு மூலையில் நின்றபடி முணுமுணுத்தார். “தப்பு ஸ்வரம் காதுல விழுந்தா இவங்களால சும்மா இருக்க முடியாது.”

ஜெயபாலன் கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டார். முகத்தில் பதற்றம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

“ஒரு வார்த்தையை வச்சு என்ன செய்வீங்க? போன் பேசினது யாருன்னு யாரு நிரூபிக்கப் போறா? ஆனா பெர்னார்ட் எழுதின தாள் இருக்கு. அவன் கையெழுத்து. கையால எழுதினாலும் காப்பி காப்பிதான், அது சட்டம். என்னை இழுத்தீங்கன்னா அவன்தான் முதல்ல ஜெயிலுக்குப் போவான். ஹில்டா, நீங்க படிச்சவங்க, யோசிங்க.”

நவமணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். ஜெயபாலன் சொல்வதில் உண்மை எவ்வளவு என்று அவளுக்கும் தெரியவில்லை. பெர்னார்டின் விரல்கள் போர்வையைப் பிடித்துக் கசக்கின. காலையில் அவரைக் காட்டுக்குள் ஓட வைத்த பயம் மறுபடி கண்ணில் ஏறிக்கொண்டிருந்தது.

“அவருக்கு ஊசி இல்லாட்டி என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்,” என்றாள் ஹில்டா. “ஒத்திகை நேரத்துல நான் ஊசியோட வந்து நின்னிருக்கேன். நீங்க பார்த்திருக்கீங்க. நேத்து வரைக்கும் உங்ககிட்டதான் அழுதேன். போலீசுக்குப் போகாதீங்கன்னீங்க.”

ஜெயபாலன் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

“காப்பி பண்ணினாரு சார். ஆமா. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போய்ச் சொல்ல வைக்கிறேன். உங்களையும் சொல்றேன். ஜெயிலுக்கு வேணா போகட்டும். ஊசியை நான் அங்க கொண்டுபோய்ப் போடுவேன். உசிரோட போவாரு.”

பெர்னார்டின் விரல்கள் போர்வையை விட்டன.

“இப்ப கட்டில்லேருந்து எந்திரிங்க,” என்றாள் ஹில்டா. “எம் புருஷன் காலை நீட்டணும்.”

ஜெயபாலன் எழுந்தார். பெர்னார்ட் காலை நீட்டிக்கொண்டார்.